ஏரிக்கரையில் ஒரு பொதுக் கோல்ஃப் திடல்: ஹார்டிங் பார்க் யாருக்குப் பொது?

வாசகர் கேள்வி, 2 ஜூன் 2024

சான் பிரான்சிஸ்கோவின் தென்மேற்கு மூலையில் இருக்கும் மெர்செட் ஏரியை நேற்று ஒரு முறை சுற்றி வந்தேன். ஏறத்தாழ ஏழு கிலோமீட்டர் நடைபாதை. அதில் பெரும்பகுதி வண்டிகள் விரையும் சாலையை ஒட்டியே போகிறது. ஏரியின் இரண்டு கிளைகளுக்கும் நடுவே, சைப்ரஸ் மரங்கள் ஓங்கிய அழகான நிலம் முழுவதையும் ஒரு கோல்ஃப் திடல் எடுத்துக்கொண்டிருக்கிறது. அது நகருக்குச் சொந்தமான பொதுத் திடல் என்கிறார்கள். வாடகை கொடுக்க முடியாமல் மக்கள் வெளியேறும் ஊரில், ஆயிரம் பேர் உலவ வேண்டிய கரையை நான்கு நான்கு பேராகப் பந்தடிப்பவர்களிடம் கொடுத்துவிட்டு அதைப் 'பொது' என்று அழைப்பது அந்தச் சொல்லுக்குச் செய்யும் துரோகம் அல்லவா?

பதில், 2 ஜூன், இரவு

துரோகம் என்பது பெரிய சொல். ஒன்பது ஆண்டுகளாக அந்தத் திடலில் சுமாராக ஆடிவருபவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

ஹார்டிங் பார்க் 1925இல் திறக்கப்பட்டது. வில்லி வாட்சன், சாம் வைட்டிங் என்ற இருவர் வடிவமைத்தார்கள். ஏரியின் எதிர்ப்புறத்தில் இருக்கும் ஒலிம்பிக் கிளப் என்ற தனியார் திடல் அதன் உறுப்பினர்களுக்கு மட்டுமே உரியது. அங்கே விளையாட வேண்டுமானால் உறுப்பினர் ஒருவர் உங்களை அழைத்துச் செல்ல வேண்டும். ஹார்டிங்கில் அப்படி யாருடைய தயவும் தேவையில்லை. நேரத்தை முன்பதிவு செய்து, கட்டணத்தைச் செலுத்தி, கிழிந்த காலணியோடு போனாலும் முதல் குழியில் நின்று அடிக்கலாம். ஒரே ஏரி, ஒரே மூடுபனி, ஒரே வகை மரங்கள். ஆனால் ஒரு கரையில் காவலர் நிற்கும் வாயில், மறு கரையில் வரிசை. அந்த வேறுபாட்டைத்தான் 'பொது' என்ற சொல் குறிக்கிறது.

தண்ணீரைப் பற்றியும் யாரேனும் கேட்பார்கள் என்பதால் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: ஏரி பக்கத்திலேயே இருப்பதால் புல்லுக்குத் தண்ணீர்ப் பஞ்சம் இல்லை.

3 ஜூன், காலை

தண்ணீரைப் பற்றி நேற்று எழுதிய வரி தவறு. எழுதும்போதே ஓர் உறுத்தல் இருந்தது. அதைப் பொருட்படுத்தாமல் விட்டதற்கு வருந்துகிறேன்.

ஏரியில் நீர் நிறைந்திருக்கிறது என்பதும், அந்த நீர் புல்லுக்குப் போகிறது என்பதும் இரண்டு வேறு செய்திகள். 1980களிலும் 1990களின் தொடக்கத்திலும் மெர்செட் ஏரியின் நீர்மட்டம் கவலை தரும் அளவுக்கு இறங்கியது. வறட்சி ஒரு காரணம். ஏரிக்குள் முன்பு வடிந்துவந்த மழைநீர், நகரம் விரிந்தபோது சாக்கடைகளுக்குத் திருப்பப்பட்டது இன்னொரு காரணம். சுற்றுவட்டாரத்தில் நிலத்தடி நீரை இறைத்ததும் ஒரு காரணம். அப்படி இறைத்தவற்றில் அந்தப் பகுதியின் தனியார் கோல்ஃப் திடல்களும் அடக்கம். 2004இல் அந்தத் தனியார் திடல்கள் பக்கத்து ஊரான டேலி சிட்டியின் சுத்திகரிப்பு நிலையத்திலிருந்து வரும் மறுசுழற்சி நீருக்கு மாறின. ஹார்டிங் பார்க் 2012இல் அதே வழிக்கு வந்தது. எனவே இன்று அங்கே புல் வளர்வது ஏரி நீரால் அன்று. பக்கத்து ஊர்க்காரர்கள் குளித்து, துவைத்து, கழுவி வெளியேற்றிய நீரால். நான் இப்போது குடியிருப்பது டேலி சிட்டியில்தான். அந்தப் பச்சைப் பசேலென்ற புல்லில் என் வீட்டுக் குளியலறைக்கும் ஒரு சிறு பங்கு உண்டு என்ற எண்ணம், எட்டாவது குழியில் மூன்று முறை தவறவிடும்போது ஒருவித ஆறுதலைத் தருகிறது.

3 ஜூன், மாலை

அந்தத் திடலில் விளையாடி உயர்ந்த யாராவது உண்டா, அல்லது இது வெறும் கொள்கைப் பேச்சா என்று கேட்டிருக்கிறீர்கள். உண்டு, அவரைப் பற்றி எழுத எனக்கு இவ்வளவு நேரம் பிடித்ததே வியப்பு.

கென் வென்டூரி 1931இல் சான் பிரான்சிஸ்கோவில் பிறந்தவர். அவருடைய தந்தை ஹார்டிங் பார்க்கில் கோல்ஃப் பொருள்கள் விற்கும் கடையை நடத்தினார். சிறுவனுக்குக் கடுமையான திக்குவாய். கூட்டமாக ஆடும் ஆட்டங்களில் பேச்சும் கூச்சலும் கேலியும் உண்டு. கோல்ஃபில் ஒருவன் தனியாக நடக்கலாம், தனக்குள்ளேயே பேசிக்கொள்ளலாம். அப்படித் தனியாகப் பேசிப் பேசிப் பழகித்தான் நாக்கும் திரும்பியது என்று அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். 1964இல் அவர் அமெரிக்க ஓப்பன் பட்டத்தை வென்றார். அதன்பின் கைகளில் நரம்பு நெருக்கும் நோய் வந்து விரல்கள் மரத்துப் போயின. அந்த நிலையில் 1966இல் அவர் வென்ற கடைசிப் போட்டி, தான் வளர்ந்த ஹார்டிங் பார்க்கிலேயே நடந்தது. ஆட்டத்தை விட்ட பிறகு சிபிஎஸ் தொலைக்காட்சியில் 35 ஆண்டுகள் வருணனையாளராக இருந்தார். வாய் திறக்க அஞ்சிய சிறுவன், பேசுவதையே பிழைப்பாகக் கொண்டான்.

1956இல் நடந்ததையும் சொல்ல வேண்டும். நகரச் சாம்பியன் போட்டியின் இறுதி ஆட்டம் ஹார்டிங் பார்க்கில் வென்டூரிக்கும் ஹார்வி வார்டுக்கும் இடையே நடந்தது. வார்டு அப்போது அமெரிக்காவின் அமெச்சூர் சாம்பியன். இருவருமே எடி லோவரி என்ற கார் வியாபாரியிடம் வேலை பார்த்தவர்கள். அந்த லோவரி, 1913 அமெரிக்க ஓப்பனில் பிரான்சிஸ் விமெட் வென்றபோது அவருடைய மட்டைப் பையைச் சுமந்த பத்து வயதுச் சிறுவன். பரிசுப் பணம் எதுவும் இல்லாத அந்த நகர ஆட்டத்தைப் பார்க்க ஏறத்தாழ 10,000 பேர் வந்தார்கள். வென்டூரி வென்றார். பேருந்து ஓட்டுநரும் வங்கி எழுத்தரும் தாங்கள் ஞாயிற்றுக்கிழமை மிதிக்கும் அதே புல்லில் நின்று நாட்டின் மிகச் சிறந்த இருவரைக் கைக்கெட்டும் தூரத்தில் பார்த்திருப்பார்கள். 'பொது' என்றால் என்ன என்று என்னைக் கேட்டால், அந்த நாளைத்தான் காட்டுவேன்.

4 ஜூன்

நேற்று எழுதியதை மறுபடி படித்தேன். உங்கள் கேள்வி இன்றைய கரையைப் பற்றியது; நான் 68 ஆண்டுகளுக்கு முந்திய ஒரு நாளை விடையாகக் கொடுத்திருக்கிறேன். அது கெட்டிக்காரத்தனம்தானே தவிர, விடை அன்று.

ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். பத்து நிமிடத்துக்கு ஒரு நால்வர் அணி புறப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 24 பேர். காலை முதல் பத்து மணி நேரம் தொடர்ந்து புறப்பட்டாலும் 240 பேர்தான். ஒருவர் முடிக்க நாலரை மணி நேரம் ஆகும் என்றால், அவ்வளவு பெரிய நிலத்தில் எந்த நொடியிலும் நூற்றுச் சொச்சம் பேருக்கு மேல் இருக்க மாட்டார்கள். வெளிச்சுற்றில், சாலைப் புகையைச் சுவாசித்துக்கொண்டு நடப்பவர்களும் ஓடுபவர்களும் ஞாயிற்றுக்கிழமை காலையில் அதைவிட எத்தனை பேர் என்று எனக்கு எண்ணத் தேவையில்லை. இந்த இடத்தில் நீங்கள் சொன்னது சரி. நடப்பவர்களுக்கு வெளிக்கரை, ஆடுபவர்களுக்கு உட்கரை என்ற ஏற்பாடு எனக்கும் இதுவரை கண்ணில் படவே இல்லை. நான் எப்போதும் உள்ளேயிருந்து வெளியே பார்த்தவன்.

4 ஜூன், சற்று நேரம் கழித்து

திடலின் பெயர் அமெரிக்க அதிபர் ஹார்டிங்குடையதா என்று கேட்டீர்களே என்பதற்காக: ஆம், ஊழலுக்குப் பெயர்போன ஆட்சியை நடத்திய அந்த வாரன் ஹார்டிங்தான். அவர் கோல்ஃப் பித்தர். 1923 ஆகஸ்டில் பதவியில் இருக்கும்போதே சான் பிரான்சிஸ்கோவின் பேலஸ் ஹோட்டலில் இறந்தார். இரண்டு ஆண்டுகளில் திறந்த திடலுக்கு அவர் பெயரை வைத்தார்கள். அவருடைய அமைச்சர் எண்ணெய் வயல் ஊழலில் தண்டனை பெற்றது அதற்குப் பின்னர், 1929இல். பலகை எழுதும்போது கொஞ்சம் பொறுத்திருக்கலாம்.

6 ஜூன்

விலையைப் பற்றிப் பேசாமல் இந்த விவாதத்தை நேர்மையாக நடத்த முடியாது. அதைப் பேச 1998க்குப் போக வேண்டும்.

அந்த ஆண்டு அமெரிக்க ஓப்பன் எதிர்க்கரையில் ஒலிம்பிக் கிளப்பில் நடந்தது. பார்வையாளர்களின் கார்களை நிறுத்த இடம் போதவில்லை. ஹார்டிங் பார்க்கின் ஃபேர்வேக்களில், அதாவது குழிகளுக்குப் போகும் புல்வெளிப் பாதைகளில், கார்களை நிறுத்தினார்கள். வென்டூரி ஆடிய புல் அது. ஆனால் அதற்காக அப்போது யாரும் பெரிதாகக் கொதித்ததாகத் தெரியவில்லை. ஏனென்றால் பல ஆண்டுகள் கவனிப்பாரற்றுக் கிடந்து, அது ஏற்கெனவே கார் நிறுத்தத்துக்குத்தான் தகுதி என்ற நிலைக்கு வந்திருந்தது. பங்கர் என்ற மணற்பள்ளத்தையும், குழியைச் சுற்றி ஒட்ட வெட்டிய புல்லான பசுந்தரையையும் பற்றிப் பழைய ஆட்டக்காரர் ஒருவர் என்னிடம் சொன்னார்: "பங்கரில் மணல் இருக்காது, புல் இருக்கும்; பசுந்தரையில் புல் இருக்காது, மண் இருக்கும்."

சாண்டி டேட்டம் என்ற வழக்கறிஞர், அமெரிக்கக் கோல்ஃப் சங்கத்தின் முன்னாள் தலைவர், அதை மீட்டே தீருவது என்று ஆண்டுக்கணக்கில் நகர மன்றத்தின் படியேறினார். ஏறத்தாழ 1.6 கோடி டாலர் செலவில் திடல் புதுப்பிக்கப்பட்டு 2003இல் திறக்கப்பட்டது. அந்தப் பணத்தை நியாயப்படுத்தப் பெரிய போட்டிகள் வர வேண்டும் என்பது ஏற்பாடு; வந்தன. 2005இல் டைகர் உட்ஸும் ஜான் டேலியும் சமநிலையில் முடித்து, கூடுதல் ஆட்டத்தின் இரண்டாம் குழியில் டேலி குழந்தை கூடப் போடக்கூடிய ஒரு குறும்பந்தைத் தவறவிட்டுத் தோற்றார். 2009இல் பிரெசிடென்ட்ஸ் கோப்பை. 2015இல் ரோரி மெக்கில்ராய் வென்ற போட்டி. 2020இல் பிஜிஏ சாம்பியன்ஷிப்.

போட்டிகள் வந்தன, திடல் பிழைத்தது, கட்டணமும் ஏறியது. நகரவாசி அட்டை வைத்திருப்பவருக்கு ஒரு விலை, அக்கம்பக்கத்து ஊர்களுக்கு அதைவிட அதிகம், தொலைவிலிருந்து வருபவருக்கு மிக அதிகம். நான் நகருக்குள் வாடகைக்கு இருந்த வரையில் அட்டை வைத்திருந்தேன். வாடகை தாங்காமல் எல்லைக்கோட்டைத் தாண்டி டேலி சிட்டிக்கு மாறியபோது திடலுக்குப் போகும் தூரம் குறைந்தது, கட்டணம் கூடியது. விதியில் குறையில்லை, நகரத்து வரிப்பணத்தில் நடப்பது நகரத்தாருக்கே முதலில். ஆனால் "வாடகை கொடுக்க முடியாமல் மக்கள் வெளியேறும் ஊர்" என்று நீங்கள் எழுதியிருந்தீர்களே, அந்த மக்களில் நானும் ஒருவன் என்பது இதை எழுதும்போதுதான் எனக்கே உறைத்தது. முதல் நாள் இரவு அவ்வளவு வீறாப்பாக எழுதியிருக்க வேண்டாம்.

7 ஜூன்

அங்கே கோடையில் பந்து தூரம் போகாது, ஈரம் நிறைந்த காற்று கனமாக இருப்பதே காரணம் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். ஹார்டிங்கில் இதை எல்லாரும் சொல்வார்கள்; நானும் பத்து முறையாவது சொல்லியிருப்பேன். ஆனால் அது பௌதிகத்துக்கு நேர்மாறு. நீராவி மூலக்கூறு நைட்ரஜனையும் ஆக்சிஜனையும்விட இலேசானது என்பதால், ஒரே வெப்பநிலையில் ஈரக்காற்று உலர்ந்த காற்றைவிடச் சிறிது மெல்லியதாகவே இருக்கும். பந்தைப் பிடித்து இழுப்பது குளிர். குளிர்ந்த காற்றுக்கு அடர்த்தி அதிகம். குளிர்ந்த பந்துக்குத் துள்ளல் குறைவு. மூன்று சட்டை போட்டவனுக்குத் தோள் சுழலாது. ஜூலை மாதத்தில் கம்பளித் தொப்பி அணிந்து நின்ற எவருக்கும் மூன்றாவது காரணமே போதும்.

8 ஜூன்

இப்போது நான் சொல்ல வேண்டியதாக நினைக்கும் செய்திக்கு வருகிறேன். இதை முதல் நாளே சொல்லியிருந்தால் வென்டூரியையும் 1998ஐயும் இழுத்திருக்க வேண்டாம்.

தனியாகப் போகும் ஆட்டக்காரரை ஹார்டிங்கில் தனியாக விடமாட்டார்கள். மூன்று பேர் இருக்கும் அணியில் நான்காவதாகச் சேர்த்துவிடுவார்கள். நீங்கள் யாரோடு ஆட வேண்டும் என்பதை நீங்கள் தீர்மானிப்பதில்லை. ஒன்பது ஆண்டுகளில் நான் அப்படிச் சேர்ந்து நடந்தவர்களைப் பட்டியலிட்டால் இந்த நகரத்தின் கணக்கெடுப்பே வந்துவிடும். ஓய்வுபெற்ற பிலிப்பினோ செவிலியர் ஒருவர். டேலி சிட்டிக்காரர் என்பதால் பேச்சு உடனே ஒட்டிக்கொண்டது. தன் தந்தை இறந்த மறுவாரம் அவருடைய மட்டைகளோடு வந்து, ஒன்பது குழி வரை ஒரு வார்த்தையும் பேசாமல் ஆடிய ஓர் இளைஞர். சீன உணவகச் சமையற்காரர் ஒருவர். பகல் வேலை தொடங்குவதற்குள் முடிக்க வேண்டும் என்று பசுந்தரையிலிருந்து அடுத்த குழிக்கு முதல் பந்தடிக்கும் மேடைக்கு ஓடுவார். மென்பொருள் நிறுவனம் ஒன்றை விற்றுப் பெரும் செல்வம் ஈட்டியவர் என்று பிறகு தெரிந்த ஒருவர். அவருடைய பந்தை அன்று முழுவதும் அந்தச் சமையற்காரரும் நானும்தான் புதரில் தேடினோம்.

நாலரை மணி நேரம் அந்நியர் நால்வர் ஒருவர் தடுமாறுவதை ஒருவர் பார்த்துக்கொண்டு, நிழல் விழாமல் ஒதுங்கி, மற்றவர் அடிக்கும்போது மூச்சையும் அடக்கிக்கொண்டு நடப்பது வேறு எங்கே நடக்கிறது? பூங்காவில் ஆயிரம் பேர் உலவலாம்; ஆனால் ஆயிரம் பேரும் தத்தம் காதுக்கருவியோடு உலவுவார்கள். எண்ணிக்கையில் நீங்கள் வென்றீர்கள் என்பதை ஒப்புக்கொண்ட பிறகும், எண்ணிக்கை மட்டுமே அளவுகோல் என்பதை நான் ஒப்பவில்லை.

ஆனால் கட்டணம் இன்னும் ஏறினால் முதலில் காணாமல் போவது அந்தச் சமையற்காரர்தான். அதுவும் எனக்குத் தெரிகிறது. அவரை அங்கே பார்த்து இரண்டு ஆண்டுகள் ஆகின்றன.

9 ஜூன்

மரங்களைப் பற்றிக் கேட்டவருக்கு: மான்டெரி சைப்ரஸ். கடற்காற்று சீவிச் சீவி, உச்சி தட்டையாகி, உள்ளே கிளைகள் பின்னிக் கிடக்கும். பந்தை விழுங்கினால் திருப்பித் தராது என்பது பொதுவிதி. சென்ற பிப்ரவரியில் புயற்காற்று அடித்த மறுநாள் ஒரு மரத்தடியில் பதினொரு பந்துகள் கிடந்தன. அவற்றில் ஒன்றாவது என்னுடையதாக இருக்கும் என்று புரட்டிப் பார்த்தேன். இல்லை. மற்றவர்களுடைய பழம்பாவங்களைப் பையில் போட்டுக்கொண்டு வந்தேன்.

பறவைகளைப் பொறுத்தவரை, பெரிய நீல நாரைகளும் நீர்க்காகங்களும் ஏரிக்கரை மரங்களில் கூடு கட்டுகின்றன. நாரை மீனுக்காகத்தான் நீரோரம் நிற்கிறது என்று நினைத்திருந்தேன். ஃபேர்வேயின் நடுவே அசையாமல் நின்று, வளையிலிருந்து தலை நீட்டிய எலியைக் கொத்தி முழுதாக விழுங்குவதை ஒரு காலையில் பார்த்த பிறகு அந்த எண்ணத்தை மாற்றிக்கொண்டேன். அதன் பொறுமையில் பாதி எனக்கு இருந்தால் என் ஆட்டம் வேறு மாதிரி இருந்திருக்கும்.

11 ஜூன்

2020 பிஜிஏ சாம்பியன்ஷிப்பைப் பற்றி ஒரு திருத்தம். வேறொரு விவாதத்தில் நான், அதில் ஆடிய கொலின் மொரிகாவா பதினாறாவது குழியில் 320 கெஜம் அடித்தார் என்று எழுதியிருந்ததை ஒருவர் இங்கே எடுத்துப் போட்டுச் சிரிக்கிறார். சிரிப்பது நியாயம். அன்று அந்தக் குழியின் நீளம் 294 கெஜமாகக் குறைக்கப்பட்டிருந்தது. இரண்டு அடியில் பசுந்தரையை எட்ட வேண்டிய குழியில், 23 வயதுப் பையன் முதல் அடியிலேயே பந்தைக் குழியிலிருந்து ஏழு அடி தூரத்துக்குள் நிறுத்தினார்; அடுத்த அடியில் ஈகிள், அதாவது அந்தக் குழிக்குக் குறித்த எண்ணிக்கையைவிட இரண்டு அடி குறைவாக முடித்தார். பெருந்தொற்றுக் காலம் என்பதால் பார்வையாளர் ஒருவரும் இல்லை. அந்த அடிக்குக் கைதட்ட ஆளில்லாத அமைதி தொலைக்காட்சியிலேயே கேட்டது.

அதே நிலத்தில் 1956இல் பரிசில்லாத ஆட்டத்துக்கு 10,000 பேர். 2020இல் உலகப் பெரும் பட்டத்துக்கு வேலிக்கு வெளியே நாங்கள். அந்த வாரம் உங்களைப் போலவே நானும் வெளிச்சுற்றில்தான் நடந்தேன். அதை எப்படி மறந்தேன்?

12 ஜூன்

நீங்கள் ஒரு முறை உள்ளே வந்து பார்க்க வேண்டும் என்றால், ஆட வேண்டிய கட்டாயம் இல்லை. டேட்டம் பெயர் தாங்கிய கிளப் கட்டடத்தின் உணவகத்துக்கு யாரும் போகலாம். பதினெட்டாவது பசுந்தரையும் ஏரியும் சன்னலில் தெரியும். ஆட விருப்பமிருந்தால் பெரிய திடலில் தொடங்க வேண்டாம். அதன் வயிற்றுக்குள்ளேயே ஃப்ளெமிங் என்ற ஒன்பது குழிச் சிறு திடல் இருக்கிறது. கட்டணம் குறைவு, குழிகள் குட்டை, சிறுவர்களும் முதியவர்களும் நிறைய. உண்மையில் முதல் நாளே நான் பெரிய திடலை விட்டுவிட்டு ஃப்ளெமிங்கைக் காட்டியிருக்க வேண்டும். உங்கள் கேள்விக்கு அது சற்று நல்ல விடை.

15 ஜூன்

ஞாயிறு மாலை ஐந்து மணிக்கு ஃப்ளெமிங்கில் சந்திக்கலாம் என்று எழுதியிருக்கிறீர்கள். மகிழ்ச்சி. காலணி எதுவாக இருந்தாலும் பரவாயில்லை, கழுத்துள்ள சட்டையைப் போட்டுக்கொள்ளுங்கள். முதல் இரவு 'கிழிந்த காலணி' என்று நான் எழுதியது ஓர் ஆவேசத்தில்.

17 ஜூன்

போனோம். கேள்வி கேட்ட வாசகர் முதல் பந்தை ஆறு முறை காற்றில் தேடினார். ஏழாம் முறை பட்டது. எங்களோடு ஒரு பாட்டியையும் அவருடைய பேத்தியையும் சேர்த்துவிட்டார்கள். பேத்திக்கு ஒன்பது வயது இருக்கும். எங்கள் இருவரையும் தோற்கடித்தாள். இருட்டிய பிறகு மூடுபனி இறங்கி, கடைசிக் குழியில் கொடியே தெரியவில்லை. பாட்டி கைப்பேசி விளக்கைக் கொடிக்கம்பத்தில் பிடித்துக்கொண்டு நின்றார்.

நடைபாதையை உட்கரை வழியாகக் கொஞ்சமாவது விடலாம் என்று அவர் இன்னும் சொல்கிறார். பதினான்காவது குழியின் ஓரமாக விட்டால் நடப்பவர் தலையில் என் பந்து விழும் என்றேன். அதற்கு அவர், "அப்படியானால் குழியை நகர்த்துங்கள்" என்றார். என்னிடம் பதில் இல்லை.

18 ஜூன்

இன்னும் ஒரு திருத்தம் பாக்கி. நான்கு ஆண்டுகளுக்கு முன் பதினெட்டாவது குழியில், ஏரியின் மூலையைத் தாண்டி அடித்து நான்கில் முடித்தேன் என்று ஞாயிறன்று அவரிடம் சொன்னேன். வீட்டுக்கு வந்து ஆட்டக் கணக்கு எழுதிய பழைய அட்டைகளைத் தேடினேன். அந்த ஆட்டத்தின் அட்டை கிடைத்தது. ஆறு என்று என் கையெழுத்திலேயே இருக்கிறது. மேலும் நான் அடித்தது முன்மேடையிலிருந்து. போட்டியாளர்கள் நிற்கும் பின்மேடையிலிருந்து தாண்டும் அளவுக்கு அங்கிருந்து ஏரியைத் தாண்ட வேண்டியதில்லை.